முதலில் வடம் தொட்டவர்

"அக்கா, இந்த வேலையில எதைக் கத்துக்கிட்டா பொழச்சுக்கலாம்?" என்று போன வாரம் வீட்டுக்கு வந்த நீங்கள் கேட்டீர்கள். சட்டமன்ற உறுப்பினர்களுக்கு உதவியாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள், ஆசையாகத்தான் கேட்டீர்கள். ஆனால் நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது உங்களில் பாதிப் பேர் கைப்பேசிக்குள் தலையை விட்டிருந்தீர்கள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. தேத்தண்ணியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். இப்போது கோபம் ஆறிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

சாக்கடை அடைப்பு, பிறப்புப் பத்திரம், தெருநாய், எரியாத தெருவிளக்கு என்று சேவை மையத்துக்கு வருகிற மனுக்களைப் பற்றி எழுதப்போவதில்லை. அதையெல்லாம் இரண்டு மாதம் உட்கார்ந்தால் தானாகக் கற்றுக்கொள்வீர்கள். இரண்டு கட்சிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும் நாள் ஒன்று உங்களுக்கும் வரும். அப்படி எனக்கு வந்த ஒரு நாளைத்தான் சொல்கிறேன். அதில் சம்பந்தப்பட்டவர்கள் மூன்று பேர். ஒருவர் காலமாகிவிட்டார். மற்ற இருவரும், "இனிமே சொல்லலாம்லா, பிள்ளைங்களுக்கு உதவும்" என்று சம்மதம் கொடுத்துவிட்டார்கள்.

சட்டமன்றம் கூடுகிற நாட்களில் ஈப்போவே எனக்கு வேறு ஊராகத் தெரியும். சுண்ணாம்பு மலைகளில் பனி கலையும் முன்பே கேன்டீனில் போய் உட்கார்ந்துவிடுவேன். வாழை இலையில் மடித்த நாசி லெமாக் சோறு, பால் இல்லாத காப்பி ஓ, நாலு மொழியில் அரட்டை. உள்ளே ஒருவரை ஒருவர் "பொய்யன்" என்று கத்தியவர்கள் வெளியே வந்து ஒரே மேசையில் உட்காருவார்கள். கத்தியவரே சம்பால் துவையலை மற்றவர் பக்கம் நகர்த்திக் கொடுப்பார். பாதிப் பிரச்சினை அந்த மேசையில்தான் தீரும். இப்போது உள்ளே கத்தியதை வெட்டி ஒட்டிக் கைப்பேசியில் ஏற்றவே அவர்களுக்கு நேரம் சரியாக இருக்கிறது. அந்தக் கேன்டீனை நினைத்தால் எனக்கு இன்றும் ஏக்கமாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்.

நான் உதவியாளராக இருந்த சட்டமன்ற உறுப்பினர், என் ஒய்.பி., பெயர் இராசையா. எதிர்க்கட்சிக்காரர். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன். நல்ல மனிதர், ஆனால் மூக்குக்கு மேல் கோபம். சபையில் அவர் எழுந்தாலே பத்திரிகைக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். எதிர் வரிசையில் ஒய்.பி. தணிகாசலம், நிலவள விவகாரங்களைப் பார்த்த ஆட்சிக்குழு உறுப்பினர். மழைக்குப் பேர்போன தைப்பிங்கில் பிறந்தவர் என்பதால் வெயில் கொளுத்தினாலும் கையில் குடை இருக்கும். ஒரு தேர்தலில் இருவரும் நேருக்கு நேர் மோதியவர்கள். அதிலிருந்து பாம்பும் கீரியும்தான்.

அந்த ஆண்டு எங்கள் சேவை மையத்துக்குப் புஷ்பம் வந்தாள். லகாட்டைத் தாண்டிப் போகும் சாலையில் இருந்த ஒரு பழைய கித்தாத் தோட்டத்தில் அவள் குடும்பம் மூன்று தலைமுறையாக இருந்தது. ரப்பர் போய், செம்பனை வந்து, அதுவும் போய், நிலம் வீடமைப்பு நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறியிருந்தது. லயம் என்கிற அந்த வரிசை வீடுகளின் ஆட்கள் எல்லோரும் ஈப்போவில் தொழிற்சாலை வேலை, மருத்துவமனை வேலை என்று போய்க்கொண்டிருந்தாலும் இரவில் தலைசாய்ப்பது அந்த லயத்தில்தான். புஷ்பத்துக்கு ஒரு பேரங்காடியில் துப்புரவு வேலை.

"வருஷம் முடியறதுக்குள்ள லயத்த இடிக்கப் போறாங்களாம்க்கா. வாடகை ஃபிளாட்டுக்குப் போன்னு சொல்றாங்க, அஞ்சாவது மாடி. என் மாமியாருக்குக் காலு விளங்கல. தூக்கிக்கிட்டா ஏறுவேன்? பக்கத்துலயே அரசாங்க நிலம் சும்மாதானே கெடக்கு, அதுல ஆளுக்கு ஒரு துண்டு குடுத்தா நாங்களே கட்டிக்குவோம்லா" என்றாள்.

நியாயமான கேள்வி. தோட்டத்தை ஒட்டி அரசு நிலம் இருந்தது உண்மை. மாநில அரசு மனது வைத்தால் கொடுக்கலாம். இராசையா அன்றே உட்கார்ந்து சபைக்குத் தீர்மானம் எழுதினார். எழுதியதை என்னிடம் காட்டினார். முதல் வரியே, "இம்மாமன்றம் மாநில அரசின் அலட்சியப் போக்கை வன்மையாகக் கண்டிக்கிறது." இரண்டாவது வரியில் நிலம் கேட்டிருந்தார்.

"ஒய்.பி., அவங்களையே கண்டிச்சிட்டு அவங்ககிட்டயே நிலம் கேக்குறோமே?" என்றேன்.

"கண்டிக்காம எப்படி சாந்தா? எதிர்க்கட்சின்னா கண்டிக்கணும்லா. இல்லன்னா நான் எதுக்கு அங்க உக்காந்திருக்கேன்?"

இது நம் ஆட்கள் அடிக்கடி செய்கிற தவறு. கேட்க வந்த காரியம் கிடைக்க வேண்டும். அதே சமயம் எதிராளி தோற்ற முகத்தோடு கொடுக்கவும் வேண்டும். இரண்டும் ஒன்றாக நடக்காது. ஆளும் கட்சிக்கு அப்போது இரண்டு மூன்று பேர்தான் கூடுதலாக இருந்தார்கள். அதனால் ஒவ்வொரு ஓட்டெடுப்பையும் மானப் பிரச்சினையாகப் பார்த்தார்கள். எங்கள் தீர்மானம் ஓட்டுக்குப் போனால் தோற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தோற்றுவிட்டால் அதே விஷயத்தை அந்தக் கூட்டத்தொடரில் மறுபடி கொண்டுவர விதி இடம் தராது. அடுத்த தொடர் வருவதற்குள் லயம் இருக்காது.

தீர்மானம் எடுக்கப்பட இருந்த அன்று காலையில் தணிகாசலம் என்னை நடைவழியில் நிறுத்தினார். "என்னம்மா சாந்தா, உங்க ஆளு என் கன்னத்துல அறைஞ்சிட்டு அதே கையால தண்ணி கேக்குறாரு. நான் குடுப்பேனா? வாபஸ் வாங்கச் சொல்லுங்க. முடிவுரையில நானே 'ஆய்வு செய்யப்படும்'னு சொல்லிடறேன்" என்றார்.

இந்த 'ஆய்வு' என்ற சொல்லை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். அரசாங்கம் ஒன்றை மறுக்கவும் முடியாது, கொடுக்கவும் மனமில்லை என்றால் ஆய்வுக்கு அனுப்பும். ஆய்வுக்குப் போனது திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

இராசையாவிடம் போய்ச் சொன்னேன். குதித்தார். "அவன் ஆய்வு செஞ்ச இலட்சணம் எனக்குத் தெரியாதா? முதல்ல அவன் எழுந்து நிலம் தரேன்னு சொல்லட்டும். அப்புறம் நான் கண்டனத்த எடுக்கிறேன்."

இதைத் தணிகாசலத்திடம் கொண்டுபோனேன். "முதல்ல அவரு எடுக்கட்டும். நான் முந்திக்கிட்டு நிலம் தரேன்னு சொல்லி, அவரு கண்டனத்த எடுக்கலைன்னா எங்க கட்சியில என்னை உரிச்சு உப்புக் கண்டம் போட்டுடுவாங்க" என்றார்.

இருவர் சொன்னதிலும் பொய்யில்லை. முந்துகிறவர் ஏமாறுவார் என்று இருவருக்கும் பயம். நான் அந்த மாடிப்படியில் ஏறி இறங்கி ஏறி இறங்கி முட்டி வலித்ததுதான் மிச்சம். அந்தக் கேன்டீன் மேசையும் அன்றைக்கு உதவவில்லை. இரண்டு கட்சிக்காரர்களும் கைப்பேசியும் கையுமாக அதைச் சுற்றி நின்றார்கள்.

நண்பகலில் தோட்டத்து ஆட்கள் வேன் பிடித்து வந்து சேர்ந்தார்கள். புஷ்பம் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். நான் மூச்சிரைக்க அவளைக் கடந்து ஓடியதைப் பார்த்துக் கையைப் பிடித்து நிறுத்தினாள். விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். அவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"எங்க தோட்டத்துல தேர் இழுக்கறப்ப மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் இதே ரோதனைதான்க்கா. யாரு முதல்ல வடத்தத் தொடறதுன்னு மண்டை உடையும். தேரு அங்கயே நிக்கும், சாமி வெயில்ல காயும். இங்க எங்க வீடு காயுது" என்றாள்.

"அப்புறம் தேர் எப்படிம்மா கிளம்பும்?"

"கடை முதலாளி, தவுக்கே வந்து தொடுவாருல்ல. சீனரு. ரெண்டு லயத்துக்கும் கடன் குடுத்தவரு, அவரை எவனும் ஒண்ணும் சொல்ல முடியாது. அவரு தொட்டதும் எல்லாரும் புடிச்சுக்குவோம். இப்பவும் அவரு மகன் வந்து தொட்டுட்டுத்தான் போறாரு."

அவள் திட்டுவதற்காகத்தான் சொன்னாள். எனக்கு அந்த இடத்திலேயே ஒரு முகம் நினைவுக்கு வந்தது.

ஆளும் கட்சியின் பின்வரிசையில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் ஹாஜி. கடலோரத் தென்னந்தோப்புகளுக்கு நடுவிலிருந்து வந்தவர். சபையில் அதிகம் பேசமாட்டார். கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் காரில் இளநீரை ஏற்றி வந்து கட்சி பாராமல் வெட்டிக் கொடுப்பார். என்னைக் கண்டால், "சாப்பிட்டாச்சா?" என்று தமிழில் கேட்பார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

அன்றும் கேட்டார். "இல்ல ஹாஜி, உங்களால ஒரு காரியம் ஆகணும்" என்று மலாயில் எல்லாவற்றையும் கொட்டினேன். எதிர்க்கட்சிக்காரரின் உதவியாளர் ஆளும் கட்சிக்காரரிடம் போய் இப்படி நிற்பது முறையில்லை. தெரிந்துதான் நின்றேன். முறை பார்த்துக்கொண்டிருந்தால் புஷ்பத்தின் மாமியார் ஐந்தாவது மாடிக்குப் போகவேண்டியிருக்கும்.

அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "இரண்டு பேரையும் என் காருக்குக் கூட்டி வா" என்றார்.

நல்ல மழை. ஈப்போவில் மத்தியான மழை பிடித்தால் எதிரில் இருக்கும் மலையே தெரியாது. ஹாஜியின் பழைய கார் திறந்த வெளியில் நின்றது. அவர் உள்ளே வசதியாக உட்கார்ந்துகொண்டு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார். இராசையாவும் தணிகாசலமும் வெளியே, ஒரே குடைக்குள். தணிகாசலத்தின் தைப்பிங் குடைதான். ஆளுக்கு ஒரு தோள் நனைந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இன்றும் அந்தக் காட்சியை நினைத்தால் நெஞ்சு குளிர்ந்துவிடும். அப்படி இரண்டு பேரை ஒரு குடைக்குள் நான் பிறகு எங்கே பார்த்தேன்?

ஹாஜி மலாயில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன். "திருத்தம் ஒன்றை நான் கொண்டுவருகிறேன். உன் கண்டனம் போகும். உன் ஆய்வும் போகும். இந்தக் குடும்பங்களுக்கு அந்த நிலத்தைப் பட்டாவோடு கொடுப்பது என்று மட்டும் இருக்கும். நான் அடுத்த தேர்தலில் நிற்கப்போவதில்லை, என்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. போலே, சரிதானா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் தலையாட்டினார்கள்.

"இன்னும் ஒன்று. 'இந்த நிலம் என்னால்தான் கிடைத்தது' என்று நீயும் வெளியே சொல்லக்கூடாது, நீயும் சொல்லக்கூடாது. ஒருவன் சொன்னால் மற்றவன் சும்மா இருக்கமாட்டான். நிலம் கையெழுத்தாகும் முன்பே எல்லாம் கெட்டுப்போகும். நான் இருக்கிற வரை வாயைத் திறக்காதீர்கள்."

இராசையாவுக்கு அது எவ்வளவு பெரிய விலை என்று எனக்குத் தெரியும். அது அவர் பிறந்து வளர்ந்த பக்கம். சிங்கம் போலப் பேசுவார் என்று வேன் பிடித்து வந்தவர்கள் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தேர்தலும் தூரத்தில் இல்லை. தணிகாசலத்துக்கும் அதே விலைதான். மாநில முதல்வரான மந்திரி புசாரிடம் போய், "பரவாயில்லை, கொடுத்துவிடலாம்" என்று பேசிச் சம்மதம் வாங்க வேண்டியவர் அவர். கட்சிக்குள் அவரை வழவழா கொழகொழா ஆசாமி என்று ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி ஹாஜி" என்றார் இராசையா. தணிகாசலமும் சொன்னார். குடை அப்போதுதான் கொஞ்சம் இராசையாவின் பக்கம் சாய்ந்தது.

தணிகாசலம் மந்திரி புசாரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார். சபை கூடியது. ஹாஜி எழுந்து திருத்தத்தை வாசித்தார். இரு பக்கமும் ஒரு சலசலப்பு. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் இதை ஏற்கிறாரா என்று சபாநாயகர் கேட்டார். இராசையா எழுந்தார்.

அந்த நேரத்தில் ஆளும் கட்சி வரிசையிலிருந்து விவரம் தெரியாத ஒருவர், "என்ன, பயந்துட்டீங்களா?" என்று மலாயில் கத்தினார். எங்கள் வரிசையிலிருந்தே ஒருவர், "விட்டுக்கொடுக்காதீங்க!" என்றார். மாடத்தில் கைப்பேசிகள் ஒளிந்து ஒளிந்து உயர்ந்தன. அந்த மனிதரின் கோபம் எனக்குத் தெரியும். இதைவிடச் சின்னச் சீண்டலுக்கெல்லாம் ஒரு மணி நேரம் பேசியவர். அன்று ஒரு வார்த்தை திருப்பிப் பேசியிருந்தால் எதிர் வரிசை எழுந்திருக்கும், ஓட்டெடுப்பு கேட்டிருப்பார்கள், கதை முடிந்திருக்கும்.

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஏற்றுக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

தணிகாசலம் எழுந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் அவரை முறைத்தார்கள். "அரசுக்கு ஆட்சேபனை இல்லை" என்றார். குரல் ஓட்டிலேயே தீர்மானம் நிறைவேறியது. எல்லாம் ஒரு காப்பி ஆறும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

வெளியே வந்தால் புஷ்பம் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நிலம் கிடைத்துவிட்டது என்பதிலேயே அவளுக்கு நம்பிக்கையில்லை. "அந்த மலாய்க்காரப் பெரியவருதான் எங்களுக்காகப் பேசினாரு. நம்ம ஆளு ஒரு வார்த்தையோட உக்காந்துட்டாரேக்கா. காசு ஏதும் வாங்கிட்டாரா?" என்று கேட்டாள். "வீட்டுக்குப் போம்மா, நல்லதே நடக்கும்" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த தேர்தலில் இராசையா தோற்றார். எதிர்த்து நின்றவர்கள் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: சபையில் வாய் மூடி உட்கார்ந்தவர். தணிகாசலத்துக்கு அவர் கட்சி போட்டியிட இடமே கொடுக்கவில்லை. நில அலுவலக வேலைகள் இழுத்துக்கொண்டே போயின. அதற்காக நான் நடந்த நடையைச் சொன்னால் உங்களுக்கு அலுத்துப்போகும். லயத்தை அதுவரை இடிக்கக்கூடாது என்று நிறுத்திவைத்தார்கள். ஒருவழியாகப் பட்டா கைக்கு வந்தது. ஹாஜி உடல்நலமில்லாமல் இருந்தும் வந்து தன் கையால் கொடுத்தார். தோட்டத்து ஆட்கள் அவருக்கு மாலை போட்டார்கள்.

பிறகு வீடுகள் எழும்பின. புஷ்பம் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு என்னை அழைத்தாள். "பழைய ஒய்.பி.ங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வாங்கக்கா, ஊர்முறைக்கு" என்றாள். போனோம். சின்ன வீடு, படியே இல்லாத வாசல். மாமியார் சக்கர நாற்காலியை யார் உதவியும் இல்லாமல் உள்ளுக்கும் வெளிக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார். பந்தலில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். புஷ்பமே சோறு பரிமாறினாள்.

இராசையா இலைக்கு வந்ததும் நின்றாள். மனதில் இருந்ததைச் சொல்லாமல் அவளால் போக முடியவில்லை. "கோவிச்சுக்காதீங்க ஒய்.பி. அன்னைக்கு எங்களுக்காக நீங்க வாயத் தொறக்கல. எங்க வீட்டுல ஒரு ஓட்டுகூட உங்களுக்கு விழல. சொல்லாம இருந்தா எனக்குச் சோறு எறங்காது."

தணிகாசலம், "அம்மா, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா..." என்று ஆரம்பித்தார். இராசையா அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"சரிதான்மா. நான் பேசியிருக்கணும்" என்றார். பிறகு, "கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார்.

காருக்கு வந்த பிறகு தணிகாசலம் தாங்கமாட்டாமல் கேட்டார். "ஏன்யா சொல்லவிடல? தோத்தவன்தானே நீ, இனி என்ன போகப்போகுது?"

"ஹாஜிக்கு வாக்கு குடுத்திருக்கோம்லா. அந்த மனுஷன் இன்னும் இருக்காரு." இராசையா கண்ணாடியை இறக்கி அந்த வீட்டைப் பார்த்தார். "அதுவும் இல்லாம, பாத்தியா மச்சான். அவ சொந்த வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு என்னைத் திட்டுறா. அதுக்குத்தானே இவ்வளவும்."